வரைபடத்தில் காலியாக விட்ட சதுப்பு

அன்புள்ள சாய்மா கண்ணுக்கு,

அப்பா எழுதுறது. நீயும் மாப்பிள்ளையும் அந்த பிரிஸ்பேன் வெயில்ல உடம்புக்கு ஒண்ணும் இல்லாம இருக்கணும், தினமும் அதைத்தான் நினைச்சுக்கிறேன். நான் இருக்கேன். முட்டி வலி பரவாயில்லை, ஆத்துல பனிக்கட்டி போன வாரம்தான் உடைஞ்சுது. போன்ல பேசினா ரெண்டு நிமிஷத்துல நமக்குப் பேச்சு தீர்ந்துபோகுது, அதான் எழுதுறேன். நாலு நாளா ஒரு மனுஷன்கிட்டயும் பேசலைன்னு இன்னிக்குக் காபி போடும்போதுதான் உறைச்சுது, ரேடியோவுல வானிலை சொல்றவனுக்குப் பதில் சொல்லிட்டு நின்னேன்.

சுற்றுலாத் திட்டம்னு சொன்னேனே, அது நிஜமாவே வருது. ஊரையும் காட்டையும் கெடுக்காம ஆளுங்களை வரவைக்கணுமாம். ஹென்ரீக்கான்னு ஒரு பொண்ணு தெக்கேருந்து வந்து திட்டம் போடுது. நல்ல பொண்ணு, குறை சொல்ல மாட்டேன். மார்ச்ல ஊர்க்கூடத்துல பெரிய வரைபடத்தை விரிச்சு, வெளியாளுங்க கால் வைக்கக் கூடாத இடத்தையெல்லாம் சிவப்புப் பேனாவால குறிங்கன்னுச்சு. பனிமான் குட்டி போடுற மேடு, மீன் முட்டையிடுற ஓடை, கல்லறை, எல்லாம் குறிச்சோம். ஆனா தங்கமா விலை போற அந்த மஞ்சள் காட்டுப்பழம், ஹில்லா பழம் பொறுக்குற சதுப்பை எவனாவது குறிப்பானா? கூடப் பொறந்தவன்கிட்டயே சொல்ல மாட்டோமே. எங்கப்பா சாகுற அன்னிக்குத்தான் எனக்கே வழி சொன்னார். நான் பேனாவைத் தொடவே இல்லை. பக்கத்து வீட்டு தாவெட்டியும் தொடலை, ஜன்னலையே பாத்துட்டு உக்காந்திருந்தான்.

அது எங்க கொண்டுபோய் விட்டுச்சு பாரு. வரைபடத்துல வடக்குப் பக்கம் பூரா ஒரு குறியும் இல்லாம வெள்ளையாக் கிடந்துச்சு. அங்க யாரும் போறதில்லைபோலன்னு அந்தப் பொண்ணு பலகைப் பாதையையும், கண்ணாடிக் கூரை போட்ட எட்டுக் குடிலையும் நேரா அங்கயே வெச்சிருச்சு. போன வாரம் கூடத்துல அதைக் காட்டுச்சு. நானும் உங்கம்மாவும் முப்பத்தோரு வருஷம் வாளி தூக்கிட்டுப் போன இடம் சாய்மா. அவ போனப்புறமும் வருஷா வருஷம் தனியாப் போறேன். பாதிப் பழம்தான் பொறுக்குவேன், அவ பக்கத்தை அப்படியே விட்டுடுவேன், பைத்தியக்காரத்தனம்தான். அங்க மட்டும்தான் அவளோட சத்தம் போட்டுப் பேச முடியுது, வீட்ல பேசினா எனக்கே பயமா இருக்கு.

அதான் எந்திரிச்சு, அது நான் பழம் பொறுக்குற இடம், பாதை போடாதீங்கன்னு சொல்லிட்டேன். உடனே தாவெட்டி என் பக்கம் திரும்பி, "யோவ் ஒய்வா, அது என் இடம்யா"ன்னான். பின்வரிசைலேருந்து ஐனிக்கி அக்கா, ரெண்டு பேரும் உக்காருங்கடா, இருபது வருஷமா நான் போற சதுப்பு அதுன்னாங்க. ஆளாளுக்குக் காரை வேற வேற திருப்பத்துல ஒளிச்சுவெச்சு, வேற வேற நாள்ல போயிருக்கோம். கூடமே சிரிச்சுச்சு, நானும் சிரிச்சேன். நான் உங்கம்மாகிட்ட பேசினதையெல்லாம் தாவெட்டி கேட்டிருப்பானோன்னு வீட்டுக்கு வந்தப்புறம் வெக்கமாப் போச்சு. கொஞ்சம் அழுதேன், உன்கிட்ட மறைக்க என்ன இருக்கு.

பாதையைத் தள்ளிப் போடலாம்னு ஹென்ரீக்கா சொல்லுது. ஆனா உங்களுக்கப்புறம் அந்த இடத்துக்கு யார் போவாங்கன்னு ஒவ்வொருத்தரும் ஒரு படிவத்துல எழுதித் தரணுமாம். நாளைக்கு ஆளே இல்லாத இடத்துக்காகப் பாதையை வளைக்க மேலிடம் ஒத்துக்காதாம். தாவெட்டிக்குப் பிள்ளை கிடையாது. ஐனிக்கி அக்கா மகன் ஸ்டாக்ஹோம்லேருந்து வரவே மாட்டேன்னுட்டான். ரெண்டு பேரும் அந்தக் கட்டத்துல கோடு கிழிச்சுக் குடுத்துட்டாங்க. நான் உன் பேரை எழுதிட்டேன். உன்னைக் கேக்காம எழுதினது தப்புதான், கை தானா எழுதிருச்சு.

ஜூன் பத்துக்குள்ள அந்தப் பொண்ணு உனக்குப் போன் பண்ணி, எனக்கப்புறம் நீ அந்தச் சதுப்புக்கு வருவியான்னு கேக்கும், மறக்காம எடு. எனக்காக ஆமான்னு சொல்லாதே. கிழவன் மனசு நோகுமேன்னு பொய் சொல்லாதே. நீ வர்றதா இருந்தா ஆமான்னு சொல்லு, இல்லைன்னா இல்லைன்னே சொல்லிடு, நான் கோவிச்சுக்க மாட்டேன். மாப்பிள்ளையும் நீயும் நல்லா இருங்க, தொப்பி போடாம வெளிய போகாதே, உங்கம்மா எப்பவும் உங்க கூடவே இருப்பா. என்னைப் பத்திக் கவலைப்படாதே. பாதை வந்தா வரட்டும், நாலு பேர் நடந்து வருவாங்க, அவங்ககிட்டயாவது பேசிட்டு இருப்பேன்.

இப்படிக்கு,
உன் வரவையே பாத்திட்டிருக்கிற அப்பா
ஒய்வா