இரண்டைத் தொடாதாம்

ஜூலை 7, திங்கள்
காலையிலேயே புழுக்கம். மலைப்பக்கம் மட்டும் கருமேகம். உளுந்து ஊறுகிறது.

நேற்று டியூஷனில் ஷாஹினாவுக்கு அவமானம். என்னால்தான். பகா எண்களைத் தலைகீழாக்கி, 1/2 + 1/3 + 1/5 + 1/7 என்று கூட்டிக்கொண்டே போனால் தொகை எல்லையில்லாமல் வளரும். நான் சொல்லிக்கொடுத்ததை மகள் அங்கே சொன்னாள். சார் நூறு வரை கூட்டி 1.80 காட்டினாராம். "ஆமை மாதிரி ஊருது பாரு. ரெண்டைக் கூடத் தொடாது. உங்கம்மாவ கொழம்பு வைக்கச் சொல்லு." ஒரே சிரிப்பாம்.

"இனிமே எனக்கு எதுவும் சொல்லித் தராதம்மா."

வர்க்கம் வைத்தால் நிற்கும்: 1/4 + 1/9 + 1/25... அரையைத் தாண்டாது. வர்க்கம் இல்லாவிட்டால் நிற்காது. இது தெரியாமல் ஒரு சார்.

ஏறக்குறைய இரண்டு மாதமாக, ஃபஜ்ர் தொழுததும் தினம் ஒரு பகா எண், கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம் கூட்டி வருகிறேன். இன்று 257.

ஜூலை 8
263. தொகை 2.002. தாண்டியது. தாள்களைக் கட்டோடு அவள் முன்னால் வைத்தேன்.

புரட்டினாள். "ம்மா, இது இன்னாத்துக்கு இங்க? 91. ஏழு பதிமூணு."

அன்றைக்குப் பால் பொங்கியது, நினைவிருக்கிறது. அவசரத்தில் எழுதியது. சார் மேல் இருந்ததைவிட என் மேல் ஆத்திரம். அவளும் நானும் தவிர யாருக்கும் தெரியாது. ஆனால் தொழுத கையால் எழுதுகிறேன். 91-ஐ அடித்தேன். 1.991.

ஜூலை 9
269. 1.995. மழை இல்லை.
இவர்: "அந்தாளு பசங்கள பாஸ் பண்ண வெச்சிக்கினு இருக்காரு. நீ கம்முனு இரேன்."
தோசை கருகியது. அவருக்கே வைத்தேன்.

ஜூலை 10
271. 1.998. கேஸ் சொல்ல வேண்டும்.
ஷாஹினா கேட்காமலே உட்கார்ந்து, ஒவ்வொரு தாளையும் ஏழால், பதினொன்றால், பதிமூன்றால் வகுத்துப் பார்த்தாள்.

ஜூலை 11, வெள்ளி
277. 2.002. அடித்த 91 போக ஐம்பத்தொன்பது தாள். இரண்டைத் தாண்டியதால் எல்லையில்லை என்று ஆகிவிடாது, அதற்கு நிரூபணம் தனி. ஆனால் சார் சொன்னது பொய்.

கட்டை அவளே எடுத்துப் போனாள். சார் 91-ஐப் பார்த்துச் சிரித்தாராம். "எங்கம்மா தப்ப எங்கம்மாவே அடிச்சிட்டாங்க சார். நீங்க?" என்றாளாம். யாரும் சிரிக்கவில்லையாம்.

"சரி, மூணைத் தாண்டச் சொல்லு, பாக்கலாம்" என்றாராம் சார்.

வீட்டுக்கு வந்து செல்லில் பார்த்துச் சொன்னாள்: 51,95,977-ல் தாண்டும். தினம் ஒன்று என்றால் ஏறக்குறைய ஆயிரம் வருஷம்.

குழம்பும் வைத்தாகிவிட்டது. நாளை 281.