கோயில் மாடும் பந்தயக் குதிரையும்

3 ஜூன் 2025, செவ்வாய்

எழுத்தெல்லாம் கோழி கிளறியது போல இருக்கிறது. நோட்டு மன்னிக்க வேண்டும். எழுபத்தொரு வயதில், போன தையில்தான் எழுதப் படித்தேன். மூன்று வரிக்கு முக்கால் மணி நேரம். ஆகா! என் கையா இது?

5 ஜூன், வியாழன்

மகன் ஈஸ்வரும் மருமகள் நர்மதாவும் முட்டைக் கணக்கு பார்க்கும் கம்ப்யூட்டர் ஏற்பாடு ஒன்று செய்து, கோழிப் பண்ணைகளுக்கு வாடகைக்கு விடுகிறார்கள். அதுதான் பிழைப்பு. விவரங்களைப் போட்டு வைக்கும் கிடங்குக்கு டேட்டாபேஸ் என்று பெயர். இரண்டில் எது என்று நான்கு நாளாகச் சண்டை. இரண்டும் இலவசம்தான். ஒன்று பறக்கிறது, ஆனால் ஒரு கம்பெனிக்குச் சொந்தம், நிபந்தனையை எப்போது வேண்டுமானாலும் மாற்றுவார்கள். மற்றது கொஞ்சம் மெது. ஆனால் எல்லாருக்கும் பொது. பெயர்கள் என் வாயில் நுழையவில்லை. பந்தயக் குதிரை, கோயில் மாடு என்று வைத்துவிட்டேன்.

"உங்க மாடு அசை போட்டு முடிக்கறதுக்குள்ள முட்டை குஞ்சு பொரிச்சிருமுங்க" என்றாள் நர்மதா.

"குதிரைக்காரன் நாளைக்கு வாடகைக்கு உடக் கூடாதுன்னா? பன்னண்டு பண்ணைக்கும் நீ போயி எண்ணுவியா?" என்றான் ஈஸ்வர்.

8 ஜூன், ஞாயிறு

மாரியம்மனிடம் பூ கேட்பது என்று முடிவானது. வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். குழந்தை ஒன்றை எடுக்கும். அதுதான் வழக்கம். "பூ எதுக்கு சாமி? நான் எழுதறேன்" என்றேன். இரண்டு சீட்டு எழுதி மடித்தேன். பூசாரியின் மகள் ஒன்றை எடுத்தாள். கோயில் மாடு! நர்மதாவின் முகம் சுண்டிவிட்டது.

வீட்டுக்கு வந்து மற்ற சீட்டைப் பிரித்தேன். அதிலும் கோயில் மாடு. ஐயோ — முதல் சீட்டு அவ்வளவு அழகாக வந்ததா, அந்தக் குஷியில் அதைப் பார்த்தே இன்னொன்றும் எழுதிவிட்டேன்! சொல்லலாமா? சொன்னா மறுபடியும் சண்டை. சொல்லாட்டி சாமி குத்தம்.

9 ஜூன்

சீட்டை மென்று விழுங்கினேன். மை கசப்பு.

27 ஜூன்

"அம்மனே சொன்ன பொறவு என்னங்க பண்றது?" என்று நர்மதா இருபது நாளாக மாட்டைப் பழக்குகிறாள். இப்போது கேட்ட மாத்திரத்தில் கணக்குச் சொல்கிறதாம். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.

12 செப்டம்பர்

குதிரைக் கம்பெனி நிபந்தனையை மாற்றிவிட்டது! இனி வரும் பதிப்புகளை வாடகைத் தொழிலுக்கு வைத்துக்கொள்ளக் கூடாதாம். நர்மதா ஓடி வந்தாள். "அம்மன் காப்பாத்திட்டாங்க மாமா! இனிமே எதுன்னாலும் உங்க சீட்டுதானுங்க."

புது ஆபீஸ் ராசிபுரத்திலா, சேந்தமங்கலத்திலா? அடுத்த ஞாயிறு நான் மறுபடி எழுத வேண்டுமாம். இப்போதே இரண்டு பெயரையும் எழுதிப் பழகுகிறேன். சேந்தமங்கலம் அழகாக வருகிறது. அதுதான் பயமாக இருக்கிறது.