செய்தவர்: புவனேஸ்வரி

ஜூன் 9, திங்கள்

காலை வந்து உட்காரவில்லை, அரியலூர் ரத்தப் பரிசோதனை லேபிலிருந்து போன். பாஸ்வேர்ட் மறந்துவிட்டதாம். மூன்று முறை தப்பாக அடித்தால் அக்கவுண்ட் பூட்டிக்கொள்ளும், அதை நான்தான் திறக்க வேண்டும். லேபுக்கான மென்பொருளை அப்படித்தான் எழுதியிருக்கிறேன். "எட்டு எழுத்து ஞாபகம் வெச்சுக்க முடியாதவங்க எப்படிங்க ரத்தம் எடுக்குறீங்க?" என்று கேட்டுவிட்டுத் திறந்துவிட்டேன். சென்னையில் ஒன்பது வருடம் குப்பை கொட்டிவிட்டுப் பெரம்பலூருக்கு வந்தது இதற்குத்தான்.

மதியம் சிவரஞ்சனி. என் மென்பொருளைச் சோதிப்பது அவள் வேலை, என்னைச் சோதிப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறாள். "சார், ஆளையும் அக்கவுண்டையும் ஒரே கிளாஸ்ல போட்டிருக்கீங்க. ரெண்டும் வேற வேற."

நிரலில் கிளாஸ் என்பது ஒரு அச்சு. என் அச்சில் பெயர், வேலை, பாஸ்வேர்ட் மூன்றும் ஒன்றாகவே வார்க்கப்படும். யார் உள்ளே நுழைகிறாரோ அவர் பெயர் ஒவ்வொரு ரிப்போர்ட்டிலும் 'செய்தவர்' என்று விழும். எவ்வளவு சுத்தமாக இருக்கிறது! அவளுக்கு அது பிடிக்கவில்லை.

"போன மாசம் அரியலூர் லேபுக்கு டிரெயினிங் குடுக்கப் போனேன்ல, அங்க யாரும் தனித்தனியா உள்ள போறதில்ல சார். காலைல ஒருத்தர் திறந்து விடுறாங்க. சாயங்காலம் வரைக்கும் எல்லாரும் அதுலயே போட்டுக்கிறாங்க."

அது அவர்கள் ஒழுங்கீனம். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் கூடத்தை இடித்துக் கட்ட வேண்டுமா?

ஜூன் 12, வியாழன்

மூன்று நாளாக அரியலூரிலிருந்து ஒரு போன்கூட இல்லை. திட்டினால்தான் புத்தி வருகிறது.

ஜூன் 17, செவ்வாய்

லேப் முதலாளி ஆண்டவர் போனில் கத்தினார். சனிக்கிழமை ஒரு கர்ப்பிணியின் ரத்த வகை 'ஓ' என்பதற்குப் பதில் 'பி' என்று போயிருக்கிறது. ஆஸ்பத்திரியில் ரத்தம் ஏற்றுவதற்கு முன் மறுபடி பார்த்ததால் பிழைத்தார்கள். யார் போட்டது என்று கேட்டார்.

பதிவைத் திறந்து பார்க்க அரை நிமிடம்கூட ஆகவில்லை. ஜூன் 14, காலை 11.42. செய்தவர்: புவனேஸ்வரி. அங்கே மூத்த டெக்னீஷியன்.

"உறுதியாங்க?" என்றார்.

"என் சிஸ்டம் பொய் சொல்லாதுங்க" என்றேன்.

உள்ளூர ஒரு திருப்தி. பொய் என்ன எழுதுவது, திருப்திதான். இதற்காகத்தானே எழுதினேன்?

ஜூன் 18, புதன்

புவனேஸ்வரி போன் செய்தாள். முகம் தெரியாது, குரல் மட்டும் தெரியும்.

"சார், அந்நேரம் நான் லேப்லயே இல்ல. திருமழபாடில ஒரு பெரியவருக்கு வூட்டுக்கே போயி ரத்தம் எடுத்துக்கிட்டு இருந்தேன். நேத்து சாயங்காலமே என்னைய அனுப்பிட்டாங்க. இனிமே எந்த லேப்லயும் சேத்துக்காத மாதிரி பண்றேங்குறாரு மொதலாளி."

உன் பாஸ்வேர்ட் மற்றவர்களுக்கு எப்படித் தெரியும் என்றேன். நாட்காட்டிக்குப் பின்னால் எழுதி வைத்திருக்கிறாளாம். வீட்டைப் பூட்டிச் சாவியைக் கதவிலேயே தொங்கவிடுகிற ஜனங்கள்! ஏன் என்று கேட்டேன்.

"மத்தவங்களுது எல்லாம் பூட்டிக் கெடக்கு சார். உங்களுக்குப் போன் பண்ண பயப்படுறாங்க. நீங்க பேசுற பேச்சு அப்படி."

வைத்துவிட்டேன். தப்பு செய்தவன் யாரோ, பழி என் வாய்க்கு. நன்றாக இருக்கிறது நியாயம்.

ஜூன் 23, திங்கள்

சிவரஞ்சனி ஒரு தாளை என் மேசையில் வைத்துவிட்டுப் பேசாமல் போய்விட்டாள். அவள் பேசாமல் போனதே எனக்குப் பிடிக்கவில்லை.

லேபின் பதிவுகள். ஜூன் 18 முதல் நேற்று வரை 231 ரிப்போர்ட். அத்தனைக்கும் செய்தவர்: புவனேஸ்வரி.

அவள் பதினேழாம் தேதியிலிருந்து வீட்டில் இருக்கிறாள்.

சர்வர் கடிகாரத்தைப் பார்த்தேன். சரியாக இருக்கிறது. மறுபடி பார்த்தேன் — எதைத் தேடுகிறேன்? அங்கே மொத்தம் ஒன்பது அக்கவுண்ட். எட்டு பூட்டிக் கிடக்கின்றன. ஒன்பதாம் தேதி நான் திறந்துவிட்டதும் மறுபடி பூட்டிக்கொண்டிருக்கிறது. அவற்றில் ஐந்து பிப்ரவரியிலிருந்தே அப்படி. ஒருவரும் எனக்குப் போன் செய்யவில்லை. செய்யாததை நான் புத்தி வந்ததாக எழுதி வைத்திருக்கிறேன், இதே நோட்டில், பன்னிரண்டாம் தேதி. படித்தேன். தூ.

ஜூன் 24, செவ்வாய்

எங்கள் முதலாளி பெரியசாமியிடம் சொன்னேன். ரவா தோசையைப் பிய்த்துக்கொண்டே கேட்டார். "விடுங்க. அது அவங்க உள்விவகாரம். நம்ம சாப்ட்வேர்ல குறைன்னு நாமளே எழுதிக் குடுத்தா நாளைக்கு எவன் வாங்குவான்?"

சட்னியைத் தவிர வேறு எதற்கும் கவலைப்படாத மனுஷன். இப்படி எழுதும்போதே உறைக்கிறது. அவர் சும்மா இருக்கச் சொல்கிறார், அவ்வளவுதான். அவள் வேலையைப் போக்கியது நான். 'பொய் சொல்லாது' என்றவன் நான். நான் எழுதிக் கொடுக்காவிட்டால் அவள் பிழைப்பு போச்சு. இதில் என்ன யோசனை எனக்கு? என் அழகான கிளாஸ் தப்பு என்று என் கையாலேயே எழுத வேண்டும், அதுதான் யோசனை. வெட்கக்கேடு.

ஆறு தடவை எழுதிக் கிழித்தேன். கடைசியில் நின்றது இவ்வளவுதான்: "எங்கள் பதிவு எந்த அக்கவுண்ட் என்பதை மட்டுமே காட்டும். எந்த ஆள் என்பதைக் காட்டாது. காட்டும் என்று நான் சொன்னது தவறு."

ஜூன் 26, வியாழன்

மெயிலில் அனுப்பியிருக்கலாம். பஸ் ஏறிப் போனேன். ஆண்டவர் கடிதத்தைப் படித்தார், 231 பதிவுகளையும் புரட்டினார்.

"அப்ப அந்த ரத்த வகைய யாருதான் போட்டது?"

"தெரியாதுங்க."

"சிஸ்டம் பொய் சொல்லாதுன்னீங்களே?"

"நான்தாங்க சொன்னேன். சிஸ்டத்துக்கு அது தெரியாது."

ரொம்ப நேரம் என்னைப் பார்த்தார். நான் போனில் மற்றவர்களிடம் பேசும்போது என் முகம் இப்படித்தான் இருக்கும்போல. "அந்தப் பொண்ண வரச் சொல்றேன்" என்றார். தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை.

திரும்பி வந்தால் பெரியசாமி என்னோடு பேசவில்லை. பேசாமல் இருக்கட்டும், நிம்மதி.

ஜூலை 7, திங்கள்

புவனேஸ்வரி போன செவ்வாயிலிருந்து வேலைக்கு வருகிறாள். ஆள் ஒரு கிளாஸ், அக்கவுண்ட் ஒரு கிளாஸ் என்று பிரித்து எழுதி முடித்தேன். சிவரஞ்சனி சோதித்துவிட்டு இரண்டு பிழை சொன்னாள். இரண்டும் பிழைதான். பழைய பதிவுகளில் 'செய்தவர்' என்று இருந்த இடத்தில் இப்போது 'ஆள் தெரியாது' என்று வருகிறது. இரண்டு வருடப் பதிவு, பக்கம் பக்கமாக ஆள் தெரியாது. பார்க்கச் சகிக்கவில்லை.

இன்று லேப் ஆட்கள் ஒவ்வொருவராகப் போனில் வந்து புது அக்கவுண்ட் திறந்துகொண்டார்கள். கடைசியில் காத்தாயி என்று ஒருவர். ரிப்போர்ட் எடுத்துக் கொடுப்பவராம், நாலு வருடமாக அங்கே இருக்கிறாராம். அப்படி ஒருவர் இருப்பதே எனக்குத் தெரியாது.

"பாஸ்வேர்ட மெதுவா சொல்லுங்க சார், எழுதிக்கிறேன்" என்றார்.

எழுதி வைக்க வேண்டாம், மறந்துபோனால் கூப்பிடுங்கள் என்றேன்.

"திட்ட மாட்டீங்கள்ல?"

மாட்டேன் என்றேன். பக்கத்தில் யாரோ சிரித்தார்கள். புவனேஸ்வரி குரல் மாதிரி இருந்தது.