மானஸ்வி பேசும் இங்கிலீஷ்

கிங்ஸ்டன், ஜமைக்கா
4 மே 2025

அன்புள்ள மேக்னா,

நலம். சிமெண்ட் ஆலையில் பராமரிப்பு வேலை, மூச்சுவிட நேரமில்லை. நீயும் மானஸ்வியும் மதுக்கரை போய் ஒரு மாதம் ஆகிறது, நீ ஒரு வரிகூட எழுதவில்லை.

அந்தப் பெரிய பள்ளியில் நேர்முகம் பதினைந்தாம் தேதி. அதற்குள் குழந்தையின் இங்கிலீஷைச் சரிசெய்தாக வேண்டும். போன ஞாயிறு வீடியோ காலில் பெரியப்பா, "இங்கிலீசுல ஏதாச்சும் பேசு கண்ணு" என்றதும், 'த்ரீ'யை 'ட்ரீ' என்றாள், பூனைக்கான 'கேட்'டை 'க்யாட்' என்றாள். நான் திருத்தத் திருத்த அதையே சொன்னாள். கூடமே சிரித்தது, எனக்கு மானம் போனது. கண்ணாடி முன் நிறுத்தி, நாக்கைப் பல்லுக்கு நடுவே வைத்துச் சொல்லப் பழக்கு. ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது. அவளுக்கு இப்போதே ஏழு.

உன் ஆதர்ஷ்

மதுக்கரை
17 மே 2025

ஏனுங்க,

வேளாவேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? போனில் பேசினால் வீடே காது கொடுத்துக் கேட்கிறது, அதனால் மின்னஞ்சலில் எழுதுகிறேன்.

உங்கள் பேச்சைக் கேட்டுப் பத்து நாள் அவளைக் கண்ணாடி முன் நிறுத்தினேன். நான் செய்த தப்பு அதுதான். நேர்முகத்தில் பெயர் கேட்டார்கள், வாயே திறக்கவில்லை. வெளியே வந்து, "நான் பேசுனா சிரிப்பாங்கம்மா" என்றாள். அதற்குப் பிறகு என்னைத் தவிர யாரோடும் பேச்சில்லை.

'தெம்' என்பதை 'டெம்' என்பதும், 'ஹவுஸ்' என்பதை 'அவுஸ்' என்பதும் தப்பென்று யார் சொன்னது? அவள் பிறந்து வளர்ந்த கிங்ஸ்டனே அப்படித்தான் பேசுகிறது. பிரசவத்தில் விடிய விடிய என் கையைப் பிடித்திருந்த நர்சும் அப்படித்தான் பேசினாள். நாம் வீட்டை 'ஊடு' என்கிறோம், நம்மை யாரும் கண்ணாடி முன் நிறுத்தவில்லை. விஜயவாடா கல்யாணத்தில், நாம் வீட்டுக்குள் பேசும் தெலுங்கைக் கேட்டு அந்த ஊர்க்காரர்கள் சிரித்தபோது, "எங்க தெலுங்குக்கு என்னங்க கொறை?" என்று பந்தியிலிருந்து எழுந்து வந்தவர்தான் உங்கள் பெரியப்பா. அன்று ரோஷம் வந்தவருக்கு இன்று சிரிப்பு வருகிறது.

இனிமேல் கண்ணாடி கிடையாது. ஞாயிற்றுக்கிழமை வீடியோ கால் கச்சேரியும் கிடையாது.

மேக்னா

கிங்ஸ்டன்
25 மே 2025

மேக்னா,

ரோஷம் சோறு போடாது. நானும் தொழிலாளிகளோடு அவர்கள் மாதிரிதான் பேசுகிறேன். வந்த புதிதில் மேலாளர்கள் கூட்டத்திலும் அப்படியே பேசிவிட்டேன். ஒரு வருடம் என்னைப் போலவே பேசிக்காட்டிச் சிரித்தார்கள். உன்னிடம்கூட நான் சொன்னதில்லை. என் மகளுக்கு அது வேண்டாம்.

ஆன்லைனில் ஓர் ஆசிரியரை ஏற்பாடு செய்துவிட்டேன், திங்கள் முதல் வகுப்பு. அவளிடம் போனைக் கொடு. குரலைக் கேட்டு எத்தனை நாளாகிறது!

ஆதர்ஷ்

மதுக்கரை
8 ஜூன் 2025

ஏனுங்க,

நீங்கள் பட்டதைப் படித்துவிட்டு அழுதேன். ஆனாலும் அதைக் குழந்தை தலையில் கட்ட விடமாட்டேன். ஆசிரியரை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

இங்கேயே ஒரு சின்னப் பள்ளிக்கு அழைத்துப் போனேன். தலைமையாசிரியை ராசம்மாள் நேர்முகமெல்லாம் நடத்தவில்லை. "உள்ள போயி உக்காரு அம்மணி, ஆருங்கூட வேணும்னாலும் பேசு" என்றார். அரை மணி நேரம் கம்மென்று இருந்தாள். பிறகு ஒரு பிள்ளை கடலைப் பற்றிக் கேட்டது. அவ்வளவுதான், நண்டு பிடித்த கதையை அவள் இங்கிலீஷிலேயே அளந்து தள்ளினாள். யாரும் சிரிக்கவில்லை, அடுத்து என்ன என்றுதான் கேட்டார்கள். விண்ணப்பத்தில் நம் இருவர் கையெழுத்தும் கேட்டார்கள். நான் ஒருத்தியே போட்டுச் சேர்த்துவிட்டேன்.

அப்பாவோடு ஏன் பேச மாட்டேன் என்கிறாய் என்று நேற்றுக் கேட்டேன். "அப்பாவுக்கு நான் பேசுறது புடிக்காதும்மா" என்றாள்.

புதன்கிழமை மாலை ஆறு மணிக்குக் கூப்பிடுங்கள், உங்களுக்குக் காலை ஏழரை. போனை அவளிடம் கொடுக்கிறேன். அவள் சொல்லி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டு மட்டும் இருங்கள். ஒரே ஒரு சொல்லைத் திருத்தினாலும் போனை வாங்கி வைத்துவிடுவேன். அதற்குப் பிறகு நீங்கள் எத்தனை முறை கூப்பிட்டாலும் எடுக்க மாட்டேன்.

மேக்னா