பெல்த்ரான் இழுப்பு என்று யார் சொன்னது

ப்ராங்க்ஸ், திங்கட்கிழமை

என் கண்ணு மிர்தாவுக்கு அம்மா எழுதுவது,

ஆண்டவர் உன்னை ஆசீர்வதிக்கட்டும். போனை வைக்கும்போது ஆசீர்வாதம் கேட்க நீ மறந்தாலும் கொடுக்க நான் மறப்பதில்லை. இங்கே நானும் என் முழங்காலும் சுகம், முழங்கால்தான் கொஞ்சம் முனகுகிறது. ஓசாக்காவில் குளிர் தொடங்கியிருக்கும், காலுறை போடாமல் தரையில் நிற்காதே. பக்கத்து வீட்டு ஓர்தென்சியா மறுபடியும் மூக்குக்கண்ணாடியைத் தொலைத்துவிட்டு என் சமையலறையில் தேடுகிற சாக்கில் பச்சைத் துவரை போட்ட சோற்றை ஒரு கை பார்த்துவிட்டுப் போனாள். உன் கடிதம் போன வாரம் வந்தது. விருது கொடுத்தால் பேசாமல் வாங்கிக்கொள், வில்ஃப்ரெதோவோடு சண்டை வேண்டாம் என்று எழுதியிருந்தாய். வாங்கத்தான் போனேன், சண்டையும் போட்டேன். வேறு யார் வாயிலிருந்தாவது உன் காதுக்கு வருவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.

நேற்று மாலை கோயில் மண்டபத்தில்தான் விழா. மேடையில் ரிப்பன் கட்டிய ஒரு நாற்காலி, அதில் என்னை உட்கார வைத்து மடியில் பூங்கொத்தையும் வைத்துவிட்டார்கள், பிணத்துக்குச் செய்கிற மாதிரி. கையில் கொடுத்த கண்ணாடிப் பலகையில் என்ன எழுதியிருந்தது தெரியுமா, ‘மாம்போ நடன மேதை சாகோ பெல்த்ரானின் அன்புத் துணை’ என்று. என் பெயர் கீழே எறும்பு அளவுக்கு இருந்தது. அதையும் பொறுத்துக்கொண்டேன், உனக்காக. உன் நடனப் பள்ளியின் வாசலில் பெல்த்ரான் பெயர்தானே தொங்குகிறது, அந்தப் பெயரின் உரிமை சாகோவின் அண்ணன் மகன் வில்ஃப்ரெதோ கையில், நினைத்தால் அதைப் பறித்துக்கொள்வான் என்று எனக்குத் தெரியாதா. பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தேன். அப்புறம் அவனுடைய மாணவர்கள் ஒரு ஜோடி ஆட வந்தார்கள். வில்ஃப்ரெதோ மைக்கைப் பிடித்து, “இப்ப பாக்கப் போறது எங்க சித்தப்பா உருவாக்குன பெல்த்ரான் இழுப்பு, உலகமே இதைத்தான் ஆடுது” என்றான். அந்தப் பெண் வலப்பக்கம் சுழன்றாள், அவளுடைய இடது கால் ஒரு மூச்சு தாமதமாக வந்து சேர்ந்தது. மண்டபமே கைதட்டியது. மடியிலிருந்த பூங்கொத்தைத் தூக்கித் தரையில் வைத்தேன் மிர்தா.

அந்தத் தாமதம் எங்கிருந்து வந்தது என்று உனக்குத் தெரியும், நீ ஒத்தடம் கொடுத்த முழங்கால்தானே. நீ பிறப்பதற்கு முன்னால், ரயில் படிக்கட்டில் பனி உறைந்து கிடந்த ஒரு காலையில் தையல் கம்பெனிக்கு ஓடினேன், விழுந்தேன், அதற்குப் பிறகு இடது கால் முழுசாக மடங்கவில்லை. மாம்போவை விட மனசில்லை. மடங்காத காலை ஒரு மூச்சு நிறுத்தி, மத்தளத்தின் அடுத்த தட்டு வரும்போது இழுத்துச் சேர்த்தேன். பொம்பளையை வாத்தியாராக வைக்க எந்த நடனக் கூடமும் தயாராக இல்லை, அதனால் நம் கட்டடத்துத் துணி துவைக்கும் அறையில்தான் சொல்லிக்கொடுத்தேன். பெண்களுக்கு ஆட்டத்தை நடத்தவும் கற்றுக்கொடுத்தேன், ஆண்களின் கைக்காகக் காத்திருக்க மட்டுமில்லை. ஓட்டலில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த சாகோ அங்கே மாணவனாக வந்தவன். என்னோடு ஜோடி சேர்ந்து ஆட என் தாமதத்தைத் தன் காலுக்கும் பழக்கிக்கொண்டான். சுவரொட்டியில் பெரிய எழுத்தில் ஆண் பெயர்தான் இருக்க வேண்டும் என்றார்கள் கூடத்துக்காரர்கள். சாகோ நல்லவன், அவன் மேல் எனக்குக் கோபமில்லை. “இலு, உன் நொண்டியத்தான் நான் ஊருக்கு வித்துக்கிட்டிருக்கேன்” என்று சாகிற வரைக்கும் சொல்லிச் சிரித்தான்.

எழுந்தேன். மைக்கை வாங்கவில்லை, என் தொண்டைக்கு அது தேவையில்லை. பாவாடையை முழங்கால் வரைக்கும் தூக்கி அந்தத் தழும்பைக் காட்டினேன். “பெல்த்ரான் இழுப்பு இதுதான், நல்லாப் பாத்துக்குங்க, இதுக்கு என் பேரு, இலுமினாதா” என்றேன். மூன்றாவது வரிசையிலிருந்து ஓர்தென்சியா, மூக்குக்கண்ணாடி இல்லாமலேயே, “அன்னிக்குப் பனியில இவளத் தூக்குனதே நான்தான்யா, என்ன கனம் கனத்தா தெரியுமா” என்று கத்தினாள். அதற்குப் பிறகு சிரிப்பும் சத்தமும் அடங்கவேயில்லை. மத்தளக்காரர் தாளத்தை எடுத்துவிட்டார். ஆடிய அந்தப் பெண்ணைக் கூப்பிட்டேன், நான் நடத்த அவள் சுழன்றாள். என் கால் நின்ற இடத்தில் அவள் காலும் நின்றது. ஆடி முடித்ததும் என் காதில், “அங்க ஏன் நிக்கணும்னு எங்களுக்கு யாருமே சொன்னதில்ல இலு அம்மா” என்றாள். அழுதேன், மறைக்க என்ன இருக்கிறது.

இறங்கி வரும்போது வில்ஃப்ரெதோ வழியை மறித்தான். “என்ன சித்தி, எங்க குடும்ப மானத்த இப்பிடி வாங்கிட்டீங்க. ஓசாக்காவுல உங்க பொண்ணு வாசல்ல யாரு பேரு தொங்குதுன்னு ஞாபகம் இருக்கா” என்றான். “தொங்குறதக் கழட்ட ஒரு ஏணி போதும்டா” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். கண்ணாடிப் பலகையை அந்த ரிப்பன் நாற்காலியிலேயே வைத்துவிட்டேன். அதில் எதையாவது உட்கார வைக்கத்தானே ஆசைப்பட்டார்கள், அது உட்கார்ந்திருக்கட்டும்.

இதனால் உனக்குக் கஷ்டம் வரும், தெரியும். சில மாணவர்கள் அந்தப் பெயருக்காகவே வந்தவர்களாக இருப்பார்கள், போய்விடுவார்கள். எனக்கு அந்தப் பயம் ராத்திரியெல்லாம் இருந்தது, ஆனாலும் மன்னிப்புக் கேட்க மாட்டேன், நீயும் என் சார்பில் கேட்டுவிடாதே. துணி துவைக்கும் அறையில் பெயர்ப்பலகையே இல்லாமல்தான் உன்னை வளர்த்தேன். உன் மாணவர்களின் முழங்கால் நல்ல முழங்கால், வேண்டுமானால் காலை நிறுத்தட்டும், வேண்டாவிட்டால் விடட்டும். நிறுத்தினால் மட்டும் அந்தப் பனிக்காலையைச் சொல்லிக்கொடு.

வேளைக்குச் சாப்பிடு. கன்னி மரியாள் உனக்குத் துணையிருக்கட்டும். ஒன்றை மறந்துவிடாதே, வில்ஃப்ரெதோ ஆள் அனுப்புவதற்கு முன்னால் நீயே ஏணி போட்டு அந்தப் பலகையை இறக்கிவிடு. புதிதாக என்ன எழுதுவது என்று யோசிக்காதே. அந்த ஊர் எழுத்தில் இதை எப்படி எழுதுவார்கள் என்று மட்டும் கேட்டு, எறும்பு அளவில் இல்லாமல் தெருக்கோடியிலிருந்து தெரிகிற மாதிரி எழுதச் சொல்:

இலுமினாதா ரொசாரியோ
உன் அம்மா