காக்கி போடாமல் வந்த போலீஸ்

என் ஸ்டெல்லா அக்காவுக்கு,

எங்கள் வீட்டுக்குப் போலீஸ் வந்தது அக்கா, அப்பா ஓடவில்லை, உட்கார்ந்து பேசினார், டீ கூடக் கொடுத்தோம், இதை முதலில் உங்களிடம்தான் சொல்ல வேண்டும் என்று டைப் அடிக்கிறேன்.

என்னை ஞாபகம் இருக்கிறதா? கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் உங்கள் குரலை வைத்தே கண்டுபிடித்து, செல்ஃபி கேட்டு நின்றேனே, அந்த மலர். வாயில் போண்டாவோடு, "இரு தங்கம், முழுங்கிக்கறேன்" என்றீர்கள். அந்தப் படத்தில் உங்கள் கன்னம் ஒரு பக்கம் உப்பலாக இருக்கும். அதுதான் இன்னமும் என் போனின் முகப்பு.

இந்தக் கடிதத்தைப் பொதுவில் போடுகிறேன், படிக்கிற எல்லோருக்கும் உங்களைத் தெரிந்திருக்காது. தியாகதுருகத்தில் எஸ்.ஐ. பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தவர் நீங்கள். பாடம் மனதில் நிற்கட்டும் என்று கேள்வி பதிலாகப் பேசிப் பதிவு செய்து நெட்டில் போட ஆரம்பித்தீர்கள். கொஞ்ச நாளில் நிஜக் கேள்விகள் வர ஆரம்பித்தன. "சி.எஸ்.ஆர். ரசீது குடுத்தாங்க, அதான் எப்.ஐ.ஆரா?" "இல்ல தங்கம், மனுவ வாங்கிக்கினோம்னு சொல்ற சீட்டு அது." "எப்.ஐ.ஆர். காப்பிக்குக் காசு கேப்பாங்களா?" "புகார் குடுத்தவங்களுக்குச் சும்மாவே தரணும்." தெரியாததைக் கேட்டால், "இது எனக்குத் தெரியல, படிச்சிட்டு வரேன்" என்பீர்கள். அதற்காகவே நான் உங்கள் ரசிகை ஆனேன்.

பின்னணியில் எப்போதும் ஒரு குக்கர். "இரு, அடுத்த விசில்ல சொல்றேன்." இப்போதும் எங்கே விசில் கேட்டாலும் ஏதோ ஒரு பதில் வரப்போகிறது என்று காது தானாகத் திரும்புகிறது. எனக்கு மட்டும்தான் இப்படியா?

சரி, அப்பா கதைக்கு வருகிறேன். எங்கள் ஊர் கல்வராயன் மலையில், கச்சிராயப்பாளையத்திலிருந்து மேலே ஏறினால் வரும். ஜீப் சத்தம் கேட்டால் ஆம்பளைகள் காட்டுக்குள் போய்விடுவார்கள். சாராய ரெய்டு காலத்துப் பழக்கம். காய்ச்சியவனும் ஓடினான், காய்ச்சாதவனும் ஓடினான். ஒருமுறை மீட்டர் பார்க்க வந்தவர் காக்கிச் சட்டை போட்டிருந்தார் என்று ஊரே காலியாகிவிட்டது. பாவம், அவரும் பயந்துபோய்த் திரும்பி ஓடினார்.

போன வாரம் மலைப்பாதை வளைவில் கொத்தனார் ஒருவரின் பைக்கை ஒரு வேன் இடித்துவிட்டு நிற்காமல் போனது. அப்பாதான் பார்த்தார். பால் வண்டியை மறித்து, அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரி வரைக்கும் போனார். அங்கே ஒரு போலீஸ்காரர், "யாருப்பா கொண்டாந்தது?" என்று சாதாரணமாகத்தான் கேட்டாராம். அவ்வளவுதான், அப்பா சுவர் ஏறிக் குதித்துவிட்டார்.

பச்சைத் துண்டு போட்டவன்தான் இடித்துவிட்டு ஓடிவிட்டான் என்று பேச்சு கிளம்பியது. பச்சைத் துண்டு எங்கள் அப்பாவுடையது. அவர் மரவள்ளிக் கொல்லைக்குள்ளேயே தங்கிவிட்டார். அம்மா சோறு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு அழுதுகொண்டே திரும்புவாள். கள்ளக்குறிச்சியில் நான் வேலை செய்யும் போட்டோக் கடையில் லீவு சொல்லிவிட்டு முதல் பஸ்ஸில் மலை ஏறினேன்.

கொல்லையில் ஒரே பனி. செடிகள் இருப்பதே தெரியவில்லை, அப்பாவின் இருமல் மட்டும் கேட்டது. நான் பக்கத்தில் உட்கார்ந்து, சத்தம் கூடட்டும் என்று போனைக் காலிச் சொம்புக்குள் வைத்து, சேமித்து வைத்திருந்த உங்கள் பதிவைப் போட்டேன். சொம்புக்குள்ளிருந்து உங்கள் குரல் எழும்பிப் பனியோடு பனியாகப் பரவியது. எந்தப் பக்கமிருந்து பேசுகிறீர்கள் என்றே எனக்குப் புரியவில்லை.

"அடிபட்டவங்கள ஆஸ்பத்திரியில சேத்தவங்க பேரக்கூட சொல்ல வேணாம். புடிச்சி வெக்கவும் கூடாது. அவங்களா விருப்பப்பட்டு சாட்சி சொல்றேன்னா, அவங்க சொல்ற எடத்துல, சொல்ற நேரத்துல, போலீசு சாதா டிரஸ்ல வந்து கேக்கணும். கேட்டு எழுதறதுக்குக் கையெழுத்தும் கெடையாது, கைநாட்டும் கெடையாது."

"யாரு இது, டீச்சரா?" என்றார் அப்பா.

"இல்லப்பா, போலீசுக்குப் படிச்சவங்க."

"போலீசா?" எழுந்தே விட்டார்.

"ஆவலப்பா. ஆவறதுக்குள்ள காய்ச்சல்ல போய்ட்டாங்க."

அப்பா மெதுவாகத் திரும்ப உட்கார்ந்தார். சொம்பை எட்டிப் பார்த்தார். "குக்கரு விசிலு வுட்டுக்கினே இருந்துச்சே. அடுப்ப அமுத்திச்சா அந்தப் பொண்ணு?"

 அமர்த்தினீர்களா அக்கா?

அப்புறம், "காக்கி இல்லாம போலீசு வருமா, இன்னா கத வுடற" என்றார். ஆனால் இந்தத் தடவை எழுந்திருக்கவில்லை. "சரி, வரச் சொல்லு. பாத்தத பாத்தேன்னு சொல்றேன்" என்றார்.

சிக்னல் கிடைக்கும் பாறை மேல் ஏறி ஸ்டேஷனுக்குப் போன் போட்டேன். எடுத்தவர் எஸ்.எஸ்.ஐ. நீங்கள் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் ஒப்பித்தேன்.

"யாரும்மா நீ, வக்கீலா?"

"இல்ல சார், போட்டோக் கடையில வேல செய்றேன்."

"பின்ன யாரு சொல்லிக் குடுத்தது?"

"எங்க அக்கா சார்."

ஊர் பேரையும் வீட்டு அடையாளத்தையும் கேட்டு எழுதிக்கொண்டார். பிறகு, "காலைல வரோம். அப்பாவ ஓடாம பாத்துக்க" என்றார்.

அன்றைக்கே அப்பாவைக் கொல்லையிலிருந்து வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டேன். காலையில் வந்தார்கள் அக்கா. கட்டம் போட்ட சட்டையில் அந்த எஸ்.எஸ்.ஐ.யும், சுடிதாரில் ஒரு பெண் போலீஸும், ஒரே பைக்கில், பனிக்குள்ளிருந்து. பக்கத்து வீட்டு மாரி சித்தப்பா வழி மறித்து, "கெழங்கு பாக்க வந்தீங்களா? வெல இன்னா போவுது?" என்று விசாரித்தார்.

"கெழங்குக்கு இல்லங்க. ஸ்டேஷன்லேர்ந்து வரோம்."

சித்தப்பா ஒரு காலைக் காட்டுப் பக்கம் திருப்பிவிட்டார். அப்போது எங்கள் வாசலிலிருந்து ஒரு குரல். "எங்கடா ஓடற? நான்தான் வரச் சொன்னேன்."

அது எங்கள் அப்பாவின் குரல்தானா என்று எனக்கே சந்தேகம் வந்தது. வாசற்காலைப் பிடித்துக்கொண்டு ஆள் நின்றிருந்தார்.

"ஓடனதாலதான் உங்களத் தேடனோம் பெரியவரே" என்றார் எஸ்.எஸ்.ஐ.

"நீங்க வந்ததாலதான் சார் ஓடனேன்."

அந்தப் பெண் போலீஸ்தான் முதலில் சிரித்தது. அம்மாவுக்கு அதைப் பார்த்த பிறகுதான் டீ போடத் தோன்றியது.

வெள்ளை வேன், மேலே தார்ப்பாய், இடது பக்க விளக்கு உடைந்தது, எல்லாவற்றையும் அப்பா சொன்னார். எழுதி முடித்து வாசித்துக் காட்டினார்கள். அரசாங்கத்து ஆள் காகிதம் நீட்டினால் அப்பாவின் கட்டைவிரல் தானாக எழும்பிவிடும். அன்றும் எழும்பியது.

"இதுக்கு ரேக வேணாங்கய்யா" என்றது அந்தப் பெண்.

விரல் அப்படியே அந்தரத்தில் நின்றது. அப்பா திரும்பி என்னைப் பார்த்தார். "அந்தப் பொண்ணு சொன்னாப்லயே சொல்றாங்க."

அப்போது சித்தப்பா வீட்டில் குக்கர் விசில் அடித்தது. நீங்கள் ஏதாவது சொல்வீர்கள் என்று நான் காத்திருந்தேன். பனி விலகி, கொல்லை கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்தது.

கொத்தனார் கஞ்சி குடிக்கிறாராம். வேனைத் தேடுகிறார்கள். அப்பா பச்சைத் துண்டைத் துவைத்துத் தோளில் போட்டுக்கொண்டு ஊருக்குள் நடக்கிறார். நீங்கள் இருக்கும் இடத்தில் பரீட்சை எழுதிவிட்டீர்களா? காக்கி போட்டுவிட்டீர்களா? உங்களைப் பார்த்து நாங்கள் ஓடியிருக்கவே மாட்டோம்.

உங்கள் கடைசிப் பதிவின் கீழே பதில் கிடைக்காத கேள்விகள் இன்னும் காத்திருக்கின்றன. ஒவ்வொன்றாகப் படித்துப் பதில் சொல்வேன் அக்கா. தெரியாததைத் தெரியாது என்றே சொல்வேன். இது உங்கள் போண்டாக் கன்னத்தின் மேல் சத்தியம்.

படிக்கிறவர்களே, உங்கள் வீட்டிலும் காக்கியைக் கண்டால் ஓடுகிற ஒருவர் இருப்பார். அவர் பக்கத்தில் உட்கார்ந்து அக்காவின் குரலைப் போட்டுக் காட்டுங்கள். அவர் என்ன கேட்கிறாரோ, அதை இதன் கீழே எழுதுங்கள். சட்டம் தெரிந்தவர்கள் வந்து எனக்குக் கைகொடுங்கள்.

இப்படிக்கு,
உங்களோடு பிறக்காத தங்கச்சி,
மலர்