உன் ஊர்ப் பெட்டிகள்

அன்பு மகளுக்கு,

நீ இருக்கும் நாட்டில் இறக்குமதி வரியை ஏற்றியதிலிருந்து எங்கள் கம்பெனிச் சட்டைகள் அங்கே விலைபோவதில்லை. வாரத்தில் மூன்று நாள்தான் வேலை. "முப்பது வருஷத்துல இப்பதான் சோத்தைச் சூடா சாப்பிடுறீங்க" என்கிறாள் உன் அம்மா. நிஜம்தான்.

ஒன்று உன்னிடம் சொன்னதில்லை. உன் ஊர்ப் பெயர் போட்ட அட்டைப்பெட்டிகளை லாரியில் ஏற்றும்போது, உன் முதுகில் தட்டுவதுபோல ஒவ்வொன்றையும் தட்டித்தான் அனுப்புவேன்.

நேற்று வேறொரு நாட்டுக்கு முதல் ஆர்டர் கிளம்பியது. வாயில் நுழையாத ஊர். பழக்கதோஷம், அந்தப் பெட்டிகளையும் தட்டிவிட்டேன். விஷயம் தெரிந்த லாரி டிரைவர் சிரித்தார்.

"உங்க பொண்ணு அங்க இல்லையேண்ணே."

"யாரோட பொண்ணாவது இருக்கும்ல" என்றேன்.

உன் அப்பா